இரண்டாவது கை

"செத்தாலும் நான் லாப்டாப் தூக்க மாட்டேன்டி, ஹெர்திஸ்."

"ஏன், அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"படகுல ஏறும்போது ஒரு கை கயித்தைப் பிடிக்கணும். இன்னொரு கை காப்பியைப் பிடிக்கணும். லாப்டாப்பை எதால பிடிக்கிறது, பல்லாலயா?"

"காப்பியை விட்டுடு."

"உனக்கு மனசாட்சியே கிடையாது."

யோருன் இப்படித்தான் பேசுவாள். சொல்லிவிட்டு மழைச்சட்டையின் உள்பையிலிருந்து டேப்லட்டை எடுப்பாள். மற்றொரு பையிலிருந்து மடக்கும் கீபோர்டு. இரண்டையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, ஆடுகிற படகில் உட்கார்ந்தே வேலையை முடித்துவிடுவாள். அவளைப் பார்த்துத்தான் நானும் டேப்லட்டுக்கு மாறினேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அவளை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். இனிமேல் சொல்லப்போவது நிஜமாக நடந்தது. நான் அன்று குடித்திருக்கவில்லை. தூங்கி வழியவில்லை. என்னைச் சுற்றி ஒரு படகு நிறைய ஆட்கள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். இதைச் சொன்னபோது என் தங்கை சிரித்தாள். கடைசிப் பகுதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்கு நடுவே ஒரு தீவன மிதவை நிற்கும். பெரிய பெரிய தொட்டிகள், குழாய்கள், ஒரு சின்ன அறை, அதில் ஒரு கணினி. அந்தக் கணினியைத் தூரத்தில் இருந்தபடியே பார்த்துக்கொள்வது நானும் யோருனும். டேப்லட்டில் ஒரு டெர்மினலைத் திறப்போம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். நாம் இங்கே தட்டுவது அங்கே கடலில் போய் விழும்.

அந்தத் திரைக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேர் நுழையலாம். ஒருத்தி தட்டுவது மற்றவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். கீழே மூலையில் எத்தனை பேர் உள்ளே என்று ஒரு எண் நிற்கும். ஆபத்தான கட்டளை என்றால் ஒருத்தி எழுத வேண்டும், மற்றவள் அதைப் படித்துப் பார்த்து ‘ஜெ’ தட்ட வேண்டும். எங்கள் மொழியில் ‘ஆமாம்’ என்பதன் முதல் எழுத்து அது. அப்போதுதான் இயந்திரம் அசையும். அலுவலகத்தில் இதற்கு ‘இரண்டாவது கை’ என்று பெயர். "எனக்கு இரண்டாவது கை வேணும்" என்று கத்தினால், சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யாராவது உள்ளே வருவார்கள்.

பேச வேண்டுமானால் வரியின் முன்னால் # போடுவோம். # இருந்தால் கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அது வெறும் பேச்சு. யோருன் அப்படி மீன் சூப் செய்முறையெல்லாம் எழுதியிருக்கிறாள்.

வருடக்கணக்கில் ஒருவர் தட்டுவதைப் பார்த்தால், நடையை வைத்து ஆளைச் சொல்வது போல் கையை வைத்தே சொல்லிவிடலாம். யோருன் மழை மாதிரி கொட்டுவாள். ஒரு எழுத்து தப்பினால் அதை மட்டும் திருத்த மாட்டாள். முழு வரியையும் அழிப்பாள். பிறகு ஒரு சின்ன இடைவெளி, மூச்சு வாங்குவது போல. மறுபடி முதலிலிருந்து கொட்டுவாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பரில், ஒரு சென்சாரை மாற்ற மூன்றாம் தொட்டிக்குள் இறங்கினாள். தொட்டியின் அடியில் தீவனத்தைத் தள்ளும் இரும்புத் திருகு ஒன்று இருக்கிறது. உள்ளே ஆள் இருக்கும்போது அது ஓடக் கூடாது. டேப்லட்டிலிருந்து அதைப் பூட்டிவிட்டு, டேப்லட்டை அறையில் மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

திருகு ஓடியது.

விசாரித்தார்கள். பூட்டை விடுவித்த கட்டளை அவளுடைய டேப்லட்டிலிருந்து போயிருந்தது. ‘ஜெ’ தட்டியதும் அதே டேப்லட்டிலிருந்து. ஆக, விதியை மீறி இரண்டு கையும் அவளே. இறங்கும் முன் எதையோ குழப்பிக்கொண்டாள், தன் சாவைத் தானே தேடிக்கொண்டாள் என்று முடித்தார்கள். ஊரில் "அவசரக்காரி" என்றார்கள். அவளுடைய அம்மா கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அன்று மிதவையில் இருந்தது இரண்டே பேர். யோருன் ஒருத்தி. இன்னொருவன் மிதவையின் பொறுப்பாளன் ஒட்வார்.

ஒட்வார் என் கணவன்.

"நான் சின்னப் படகை எடுத்துக்கிட்டு கடைசிக் கூண்டுக்குப் போயிருந்தேன்" என்று விசாரணையில் சொன்னான். அன்று சரியான காற்று. காற்றடிக்கும்போது ஒட்வார் தனியாகச் சின்னப் படகில் ஏறவே மாட்டான். அவனுடைய அண்ணன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். இது விசாரித்தவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று நான் பிரசவ வார்டில் இருந்தேன். எங்கள் மகள் சில்யே காலையில்தான் பிறந்திருந்தாள். மாலையில் ஒட்வார் வந்தான். உடம்பெல்லாம் மீனெண்ணெய் வாடை. குழந்தையைத் தொடவில்லை. கட்டிலின் கால்பக்கம் உட்கார்ந்து, முகத்தை என் போர்வையில் புதைத்து அழுதான். அதன் பிறகுதான் யோருன் செய்தியைச் சொன்னான்.

அவனிடம் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. அன்றிலிருந்து அது என் தொண்டையிலேயே நின்றது. சாப்பாட்டு மேசையில், காரில், படுக்கையில் வாய் வரைக்கும் வரும். அவன் நிமிர்ந்து பார்ப்பான். நான் பால் தீர்ந்துவிட்டது என்பேன். அவன் நல்லவன். மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டவன். ராத்திரியில் என் பாதம் ஜில்லிட்டால் தூக்கத்திலேயே தன் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொள்கிறவன். கேட்டுவிட்டால் அந்த வீடு என்ன ஆகும்?

போன மாதம், டிசம்பர். ஒரு வியாழக்கிழமை. தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டம் முடிந்து, கார்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய படகில் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மதியம் மணி 2:20. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. அந்த மாதம் எங்கள் பக்கம் சூரியன் எழுவதே இல்லை. பகல் என்பது கடிகாரத்தில் மட்டும்தான். படகுக் கடையில் எல்லாரும் வரிசையில் நின்று ஸ்வேலே வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று வாங்கினேன். தடிமனான அப்பம், நடுவில் பழுப்புச் சீஸ்.

ஒரு வாய் கடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. மிதவையிலிருந்து எச்சரிக்கை. மூன்றாம் தொட்டியில் தீவன ஓட்டம் நின்றுவிட்டது.

ஒட்வாரைக் கூப்பிட்டேன்.

"தெரியும், தெரியும்" என்றான். "தீவனம் கட்டி தட்டிப் போச்சு. வெளியில இருந்தே ரெண்டு தட்டு தட்டுறேன்."

"உள்ள இறங்காதே."

"சரி."

"ஒட்வார்."

"சரின்னு சொன்னேன்ல? நீ உன் அப்பத்தைத் தின்னு. பாதியை எனக்கு வை."

டேப்லட்டை மேசை மேல் நிறுத்தினேன். கீபோர்டை விரித்தேன். மிதவைக்குள் நுழைந்தேன். மூலையில் எண் 1. நான் மட்டும். திருகு நின்றிருந்தது. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. தொட்டியின் அளவுகளைப் பார்க்க ஒரு கட்டளை தட்டினேன்.

மூலையில் எண் 2 ஆனது.

ஆர்வே என்று நினைத்தேன். யோருன் இடத்துக்கு வந்தவன். அவனுக்கும் எச்சரிக்கை போயிருக்கும்.

திரையில் எழுத்துகள் விழுந்தன.

# மூணாவது தொட்டியைப் பாத்தி

நின்றது. முழு வரியும் அழிந்தது. ஒரு சின்ன இடைவெளி.

# மூணாவது தொட்டியைப் பாத்தியா

என் விரல்கள் கீபோர்டுக்கு மேலே அப்படியே நின்றன.

ஆர்வே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்துகிறவன். இப்படித் தட்ட மாட்டான். இப்படித் தட்டுகிற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்... போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன்.

"ஆர்வே, நீயா உள்ள இருக்கே?"

"எங்க உள்ள?" வாய் குழறியது. "பல் டாக்டர்கிட்ட உக்காந்திருக்கேன். பாதி மூஞ்சி மரத்துப் போச்சு. என்ன ஆச்சு?"

"மிதவையில நீ இல்லையா?"

"அடப் போம்மா. நான் என் வாய்க்குள்ளயே இல்ல."

வைத்துவிட்டான். பக்கத்து மேசையில் ஒரு கிழவர் காப்பியை உறிஞ்சினார். படகின் எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. எல்லாம் சாதாரணமாக இருந்தது.

நான் தட்டினேன்.

# யாரு

பதில் உடனே வந்தது.

# ரெண்டாவது கை வேணும்

பிறகு இன்னொரு வரி.

இந்த முறை முன்னால் # இல்லை.

திருகு 3, பூட்டை விடு, ஓட்டு

அதன் கீழே கணினியின் கேள்வி. ‘உறுதி செய்ய: ஜெ’. அதன் பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

கட்டளையை ரத்து செய்யத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டினேன். திரையை மூடித் திறந்தேன். அதே வரி. அதே கேள்வி.

ஒட்வாரைக் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. ‘தொடர்புக்கு அப்பால்’ என்றது குரல்.

மிதவையில் போன் கிடைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். தொட்டியின் உள்ளே. சுற்றிலும் இரும்பு.

இறங்கிவிட்டான். வெளியே பூட்டிவிட்டு இறங்கினானா, அதுவும் தெரியாது.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே குரல்.

அப்போதுதான் கீபோர்டைப் பார்த்தேன்.

என் இரண்டு கைகளும் போனில் இருந்தன. கீபோர்டை யாரும் தொடவில்லை. ஆனால் ‘ஜெ’ விசை மெல்லக் கீழே போனது... பாதி வரைக்கும். நின்றது. மேலே வந்தது.

மறுபடியும் கீழே போனது. முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக.

யாரோ விரலை வைத்து அழுத்திப் பார்ப்பது போல. பொறுமையாக.

கீபோர்டின் சுவிட்சை அணைத்தேன். பச்சை விளக்கு போனது. மடித்துப் பைக்குள் திணித்தேன்.

வெளிக் கீபோர்டு போனால் டேப்லட் தன்னுடைய கீபோர்டைத் திரையில் காட்டும். அதை மறந்துவிட்டேன். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் எழுத்துகள் எழுந்து வந்தன.

அதில் ‘ஜெ’ மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. விரல் வைத்தால் மாறும் நிறம் அது.

கண்ணாடி மேல் தட்டினேன்.

# யோருன் உள்ள ஒட்வார் இருக்கான்

# தெரியும்

# என் புருஷன்டி

# தெரியும்

# வேண்டாம்

இடைவெளி.

# நீ அவன்கிட்ட கேட்டியா

அந்தக் கேள்வியை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தங்கையிடம்கூட. எங்கும் எழுதியதில்லை. என் தொண்டைக்கு வெளியே அது வந்ததே இல்லை.

# இல்ல

# நாலு வருஷம்

வரி அழிந்தது. இடைவெளி. மறுபடி வந்தது.

# நாலு வருஷம் நீ அவன் பக்கத்துல படுத்துக்கிட்டு கேக்கல

# என் அம்மா கடைக்குப் போறதில்ல

‘ஜெ’ எழுத்தின் சாம்பல் கறுக்கத் தொடங்கியது.

# நீ கேளு

# இல்லேன்னா நான் கேக்குறேன்

கண்ணாடி என் விரலுக்குக் கீழே ஐஸ் போல் இருந்தது.

# இன்னைக்கு கேக்குறேன்

# யோருன் சத்தியமா இன்னைக்கே கேக்குறேன்

‘ஜெ’யின் சாம்பல் இன்னும் கறுத்தது.

# அவனை விடு

கர்சர் மினுக்கியது.

மினுக்கியது.

பிறகு கட்டளை அழிந்தது. முழு வரியும், ஒரேயடியாக.

மூலையில் எண் 1.

மணி 2:41.

கிழவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, அலை ஒத்துக்கலையா?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

படகு கரையை நெருங்கும்போது ஆர்வே கூப்பிட்டான். வாய் இன்னும் குழறியது. எரிச்சலாக இருந்தான்.

"ஹெர்திஸ், உனக்குப் பைத்தியமா? நீ பண்ணதையெல்லாம் பதிவுல பாத்துக்கிட்டிருக்கேன். ரெண்டு கையையும் நீயே போடப் பாத்தியா?"

"நான் இல்ல. உள்ள இன்னொருத்தர் இருந்தாங்க. எண் ரெண்டு காட்டுச்சு."

"எண் ரெண்டுதான். ரெண்டும் உன் டேப்லட்தான். கட்டளையும் அதுல இருந்து. பேச்சும் அதுல இருந்து. நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்லியிருக்கே." கொஞ்சம் நிறுத்தினான். "வீட்டுக்குப் போய்ப் படு, சரியா? யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

படகின் கீழ்த்தளத்தில் நின்ற என் காருக்குள் உட்கார்ந்தேன். சாவியைப் போட வரவில்லை. இரண்டு கையும் அவளே என்று அன்று சொன்னார்கள். ‘ஜெ’ மட்டும் விழுந்திருந்தால் இன்று என்னையும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அதே வார்த்தைகளில்.

படகின் கதவு இறங்கியது. கார்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. துறைமுக விளக்கின் கீழே ஒட்வாரின் வண்டி நின்றது. அவன் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டியவன் இல்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடினேன்.

கதவைத் திறந்து உள்ளே ஏறினேன். வண்டிக்குள் மீனெண்ணெய் வாடை. அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது காலில் பூட்ஸ் இல்லை. ஈரமான கம்பளிச் சாக்ஸ் மட்டும். மூன்று இடத்தில் கிழிந்திருந்தது.

"இறங்கிட்டியா?" என்றேன்.

தலையாட்டினான்.

"இறங்காதேன்னு சொன்னேனே."

"கட்டி பெருசா இருந்துச்சு. தட்டினா உடையல." அவன் குரல் மெலிந்துபோயிருந்தது. "திருகு சுத்துச்சு, ஹெர்திஸ். அரைச் சுத்து. என் பூட்ஸைப் பிடிச்சு இழுத்துச்சு. அப்படியே நின்னுடுச்சு. ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் கால் உருவிக்கிட்டு வந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டே முக்கால் இருக்கும். ஏன்?"

நான் அவனுடைய கிழிந்த சாக்ஸைப் பார்த்தேன்.

"நான் பூட்டலைன்னு நினைக்கிறியா?" திடீரென்று என் பக்கம் திரும்பினான். யோருன் போன பிறகு சட்டம் மாறிவிட்டது. இப்போது டேப்லட்டை நம்பி யாரும் இறங்குவதில்லை. மின்சாரப் பெட்டியின் கைப்பிடியை இறக்கி, அதில் நிஜப் பூட்டு ஒன்றை மாட்டி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஒட்வார் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் சாவி. அழுத்திப் பிடித்ததில் தோலில் பதிந்து சிவந்திருந்தது.

"மேல வந்து முதல்ல அதைத்தான் பாத்தேன்" என்றான். "பூட்டு மாட்டினபடியே இருக்கு. கைப்பிடி கீழதான் இருக்கு. அந்தத் திருகுக்குக் கரண்டே போகல, ஹெர்திஸ். கரண்டே இல்ல. அது எப்படிச் சுத்துச்சு?"

அப்படியானால் அவளுக்கு என் ‘ஜெ’ தேவைப்பட்டிருக்கவில்லை. கணினி தேவைப்பட்டிருக்கவில்லை. ஒன்றுமே தேவைப்பட்டிருக்கவில்லை.

கண்ணாடியில் பனி பிடித்துக்கொண்டு வந்தது. அவனுடைய கால் ஈரத்தில் விறைத்திருந்தது. பழக்கத்தில் என் கை அதைப் பிடிக்கப் போனது. பாதியில் நிறுத்தினேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான்கு வருடமாக எந்தப் பார்வைக்குப் பயந்து பேச்சை மாற்றினேனோ, அதே பார்வை. இந்த முறை நான் பேச்சை மாற்றவில்லை.

"ஒட்வார், அன்னைக்கு நீ சின்னப் படகுல போகல" என்றேன். "மேசை மேல இருந்த அவ டேப்லட்டைத் தொட்டது யாருன்னு சொல்லு. முதல்ல என்கிட்ட சொல்லு. அப்புறம் என்கூட வந்து, அவ அம்மாகிட்ட சொல்லு."